மோசடி மெயில்களுக்குப் பதில் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மோசடிக்காரர்களுக்கு நீ எழுதும் பதில்களைச் சொந்தக்காரர்கள் குழுவில் போடும்போதெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். உன்னைப் பார்த்து இன்னும் சிலர் இதில் இறங்கியிருப்பதால், உனக்குச் சொல்ல நினைத்ததை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். நிறுத்து என்று சொல்ல வரவில்லை. நிறைய எழுது. யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறாய் என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கோடீஸ்வர விதவைக்கு நீ எழுதியது. ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர் இருக்கிறதாம், பிள்ளை குட்டி இல்லையாம், கண் மூடுவதற்குள் யாராவது நல்லவர் கையில் ஒப்படைக்க வேண்டுமாம். நீ எழுதினாய்: "அம்மா, இரண்டாவது பத்தியில் உங்கள் கணவர் விமான விபத்தில் இறந்திருக்கிறார், நான்காவது பத்தியில் மாரடைப்பில் இறந்திருக்கிறார். இரங்கல் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எதைக் குறிப்பிடட்டும்?" அவர் மாரடைப்பு என்று முடிவு செய்து பதில் போட்டார். அடுத்து, பணம் வரும் பெட்டியின் நீள அகலம் கேட்டாய். மாடிப்படி குறுகல், போன தடவை பீரோவே திருப்பத்தில் மாட்டிக்கொண்டது என்றாய். அவருடைய வழக்கறிஞர் அளவு அனுப்பினார். அது அங்குலமா, சென்டிமீட்டரா என்று கேட்டாய். அதற்கும் பதில் வந்தது! படித்துவிட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பதில் வெறும் சிரிப்போடு நிற்கவில்லை, அவர்களுக்கு வலிக்கிற இடத்தில் போய்ப் பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கோர்மாக் ஹெர்லி 2012-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். லட்சக்கணக்கில் மெயில் அனுப்ப மோசடிக்காரனுக்குச் செலவே இல்லை. யாராவது பதில் போட்ட பிறகுதான் செலவு தொடங்குகிறது. ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும், கதையை வளர்க்க வேண்டும், போலி ஆவணம் தயாரிக்க வேண்டும். அதனால்தான் கதையை வேண்டுமென்றே நம்ப முடியாதபடி எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம். சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே ஒதுங்கிவிடட்டும், கடைசி வரை வந்து பணம் கட்டக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சட்டும். பணம் கட்டாத ஆள் ஒருவர் நம்புகிறவர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால் அந்த வடிகட்டல் கெட்டுப்போகிறது. நீ செய்வது அதுதான்.

நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பான நெட்சேஃப் 2017-ல் இதை ஒரு இயந்திரத்திடமே விட்டது. வந்த மோசடி மெயிலை அதற்கு அனுப்பிவிட்டால், ஒரு ஆள் பேசுவது போல அதுவே மோசடிக்காரனோடு மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் ஓ2 என்ற தொலைபேசி நிறுவனம் 2024-ல் டெய்சி என்ற செயற்கைப் பாட்டியை உருவாக்கியது. போனில் வரும் மோசடிக்காரர்களிடம் பூனையைப் பற்றியும் பின்னல் வேலையைப் பற்றியும் பேசிப் பேசியே சிலரை 40 நிமிடம் வரை பிடித்து வைத்தது. இரண்டுக்கும் வேலை மோசடிக்காரனின் நேரத்தைத் தின்பதுதான். வளவளவென்று பேச்சு, அவ்வளவுதான். அதனால் பதிலில் உன் புத்திசாலித்தனம் தெரிய வேண்டும் என்று அவசரப்படாதே. நீ கேலி செய்கிறாய் என்று தெரிந்த நொடியில் அவன் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவான். பெட்டியின் அளவைக் கேட்டது வேலை செய்தது, ஏனென்றால் அது உண்மையான ஒரு முட்டாளின் கவலை போலவே இருந்தது.

சரி, இப்போது எனக்குப் பிடிக்காமல் போனதற்கு வருகிறேன். அவன் ஆங்கிலத்தில் செய்த பிழைகளை வட்டம் போட்டு அனுப்பினாய் பார், அது வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பது யார் என்று நமக்குத் தெரியாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்கிறது. நல்ல வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். காதல், முதலீடு என்று பேச்சை வளர்க்கும் மோசடிகளில்தான் இது அதிகம். உன் விதவை அம்மாள் அந்த வகை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பொய்யைக் கேலி செய், அவனுடைய மொழியையும் வறுமையையும் விட்டுவிடு.

உன்னைப் போல மோசடிக்காரர்களைச் சீண்டுகிறவர்களில் எல்லை தாண்டியவர்களும் உண்டு. ஒரு மோசடிக்காரனிடம் பழைய கமடோர் 64 கணினியின் விசைப்பலகையை மரத்தில் செதுக்கி வாங்கினார்கள். அதைப் படித்து நானும் சிரித்தேன். இன்னொருவனைப் பணம் காத்திருக்கிறது என்று ஆசை காட்டி, சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் சாட் நாட்டுக்குப் போக வைத்து அலைய விட்டார்கள். அங்கே அவன் சுடப்பட்டிருந்தால் அதையும் ஜோக்காகச் சொல்லியிருப்பார்களா? யாரையும் எங்கேயும் பயணம் போக வைக்காதே, தம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. அந்தக் குழுவில் உன் பதில்களுக்குச் சிரிப்பு பொம்மை போடுகிறவர்களில் ஒருவர், இதே மாதிரி மெயிலை நம்பிப் பணம் கட்டியவர். யார் என்று கேட்காதே. முதலில் ஆவணக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் சுங்கத்தில் பணம் நிற்கிறது என்று இன்னொரு தொகை. கொடுத்ததை விட்டுவிட மனம் வராமல்தான் ஒவ்வொரு முறையும் அடுத்ததைக் கட்டியிருக்கிறார். "இதையெல்லாம் எவன் நம்புவான்" என்று நீ எழுதியிருந்ததன் கீழே அவரும் சிரித்து வைத்தார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

நம்புகிறவர்கள் என்றும் இருந்திருக்கிறார்கள். பிரான்ஸில் குற்றவாளியாக இருந்து காவல் அதிகாரியான விடோக், 1828-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் சிறைக்கைதிகள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்கிறார். "நான் ஒரு பிரபுவின் பணியாள், தப்பி ஓடும்போது நகைப் பெட்டியை மறைத்து வைத்தேன், இப்போது சிறையில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன்." இதுதான் கடிதம். நூறு கடிதத்துக்கு இருபது பதில் வந்ததாம்! பதில் எழுதியவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்களா? கடன் கழுத்தை நெரிக்கும்போதும், துணை போன பிறகு தனியாக இருக்கும்போதும் எந்தப் படிப்பும் கை கொடுப்பதில்லை. எவன் நம்புவான் என்ற அந்த வரியை இனி எழுதாதே. அதற்குப் பதிலாக, அந்தக் கதை அடுத்து எங்கே போகும், எந்த இடத்தில் எந்தப் பெயரில் பணம் கேட்பார்கள் என்பதைக் காட்டு. உன் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தே ஒருவர் பணம் கட்டாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

உன் பாதுகாப்புக்கும் சில வார்த்தைகள். சொந்த மெயில் முகவரியிலிருந்து எழுதவே எழுதாதே. தனியாக ஒன்று வைத்துக்கொள், அதில் உன் பெயர், போன் எண், படம் எதுவும் இருக்கக் கூடாது. வருகிற இணைப்பைத் திறக்காதே, படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்தி வை, மெயிலை நீ எப்போது திறந்தாய் என்று அதை வைத்தே பார்த்துவிடுவார்கள். அனுப்பியவர் முகவரி பல நேரம் யாரோ ஒரு அப்பாவியின் கணக்கைத் திருடியதாக இருக்கும், பதில் போக வேண்டிய முகவரி வேறாக இருக்கும். அதைப் பார்க்காமல் எழுதினால் உன் கேலி அந்த அப்பாவிக்குப் போய்ச் சேரும். அலுவலகக் கணினியில் இதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விதவை, லாட்டரி, உயில் எல்லாம் பார்த்துவிட்டாய். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வருகிறதே ஒரு மெயில், அதில் நீ இன்னும் கை வைக்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்களின் பெயரும் முகவரியும் கைமாறிப் போய், புலனாய்வு அதிகாரி என்றும் வழக்கறிஞர் என்றும் எழுதி, மீட்புக் கட்டணம் கேட்கிறார்கள். நான் சொன்னவருக்கு அப்படி இரண்டு வந்திருக்கின்றன, இன்னும் கட்டவில்லை. அவரிடம் கேட்டுப் பெயரை அழித்துவிட்டு உனக்கு அனுப்பி வைக்கிறேன். உன் பெட்டிக் கணக்கை இவர்களிடம் காட்டு. அவரும் குழுவில் படிப்பார் என்பதை மனதில் வைத்து எழுது.

அன்புடன்,
அக்கா