என் நாட்களை எண்ணிவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தனித்தனியாக எழுத உட்கார்ந்து மூன்று முறை பாதியில் விட்டுவிட்டேன். அதனால் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: எனக்கு இருப்பது பைபோலார், மனசு அளவுக்கு மீறி மேலேயும் கீழேயும் போய் வரும் நோய்.

முதலில் அண்ணி. நீங்கள் கோடு போட்ட அந்த நோட்டு இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆரம்பித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்னை வேவு பார்க்கிறீங்களா?" என்றுகூடக் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. மனசு மேலே போன நாளுக்குச் சிவப்புப் புள்ளி, கீழே விழுந்த நாளுக்கு நீலம். ஓரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று ஒரு எண். அவ்வளவுதான். நான் என்ன பேசினேன், யார் மேல் எரிந்து விழுந்தேன் என்று ஒரு வரி கிடையாது. அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கீழே கிடக்கும்போது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்தேன் என்று தோன்றும். மேலே ஏறும்போது, இதுதான் நிஜமான நான், இத்தனை நாள் இருந்தவள் வேறு யாரோ என்று தோன்றும். இரண்டுமே நம்பும்படி இருக்கும், அதுதான் கஷ்டம். உங்கள் புள்ளிகளை எண்ணிப் பார்த்தபோதுதான், ஒரே வருஷத்தில் ஏழு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. சிவப்புப் புள்ளிகள் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தூக்கம் ஐந்து, நான்கு என்று இறங்கியிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. தூங்காமலேயே தெம்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டோடுதான் உங்களிடம் வந்தேன், டாக்டர். அதற்கு முன் நான்கு வருஷம் வேறொரு இடத்தில் டிப்ரஷனுக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டேன். கீழே விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேலே பறக்கும்போது எவள் போவாள்? அங்கேயும் நல்ல நாட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ரேபிட் சைக்கிளிங்" என்றதும், ஒரே நாளில் சிரித்து அழுவதா என்று கேட்டேன். இல்லை, 12 மாதத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மேனியாவோ, அதாவது அந்த மேலே பறக்கும் நிலையோ, டிப்ரஷனோ வந்து போனால் அந்தப் பெயர் என்றீர்கள். மனசை நிலையாக வைக்கக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்து யாருக்குச் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆராய்ந்த டன்னர், ஃபீவ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974இல் வைத்த பெயராம். அப்படியென்றால் எனக்கும் கேட்காதா என்று பயந்தேன். "பலருக்கு இது நிரந்தரம் இல்லை, வேகம் குறையும். முதலில் வேகத்தைக் கூட்டுவது எது என்று பார்ப்போம்" என்றீர்கள்.

பார்த்தால் இரண்டு இருந்தன. டிப்ரஷன் மாத்திரை சிலருக்குச் சுழற்சியை முடுக்கிவிடுமாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினீர்கள். தைராய்டு குறைவாக இருந்தது, அதற்கும் மருந்து கொடுத்தீர்கள். அப்புறம் லித்தியம். அதோடு லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்தை 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து 50 என்று ஆமை வேகத்தில் ஏற்றினீர்கள். எனக்கோ அவசரம். "தோலில் தடிப்பு வந்தால் உடனே போன் பண்ணணும், அதுக்குத்தான் இந்த நிதானம்" என்று நான் கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொன்னீர்கள்.

ரத்தம் எடுக்கும் தம்பிக்கு நான் யாரென்றுகூட நினைவிருக்காது. லித்தியம் அளவு பார்க்கக் கடைசி மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். முதல்நாள் ராத்திரி மறந்துபோய் 12 மணிக்குத்தான் மாத்திரை போட்டேன். காலை 9 மணிக்குக் கையை நீட்டினால், "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப எடுத்தா கூடுதலா காட்டும். மதியம் வாங்கக்கா." கூட்டம் நெரிகிற நேரத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே. மூட்டு வலிக்கு நான் இபுப்ரொஃபன் கேட்டபோது, என் பழைய சீட்டை ஞாபகம் வைத்து, "லித்தியத்தோட இது வேண்டாம்மா, ரத்தத்துல அளவு ஏறிடும்" என்று பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி.

காரணம் கேட்காமல் இரவு ஷிஃப்டிலிருந்து என்னை எடுத்துவிட்ட மேலாளருக்கு நன்றி.

தோழி, சாக வேண்டும் போல் இருக்கிறது என்று நான் சொன்ன ராத்திரி நீ பதறவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "சரி, இப்பவே டாக்டர்கிட்ட பேசுவோம்" என்று போனை எடுத்தாய். விடியும்வரை பக்கத்திலேயே இருந்தாய். மறுநாள் என் தலைச் சிக்கை எடுக்க உனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்றவர்களுக்கும் நன்றி எழுதப் பார்த்தேன். வரவில்லை. அடுத்த மடலில் முயற்சி செய்கிறேன்.

கடைசியாக என் கணவர். நான் நன்றாக இருந்த ஒரு நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிய காகிதம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. தூக்கம் இரண்டு நாள் ஐந்து மணிக்குக் கீழே போனால் கார்டும் வண்டிச் சாவியும் அவரிடம், டாக்டருக்கு அன்றைக்கே போன், கீழே என் கையெழுத்து. ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அலமாரி மொத்தத்தையும் கூடத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று இவரை எழுப்பினேன். கையை நீட்டினார். "இது என் பணம்" என்று கத்தினேன். அவர் காகிதத்தைக் காட்டவில்லை, கதவைத் திறந்து மட்டும் வைத்தார். கார்டைத் தூக்கி எறிந்தேன். பொறுக்கிக்கொண்டார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன 12 மாதத்தில் இரண்டு தடவைதான். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அடுத்து எப்போது என்று தெரியாது. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.

அண்ணி, நேற்று ஏழு மணி நேரம், நடுவில் ஒரு தடவை முழிப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.