வயலினுக்கும் வழி விடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ராக் பேண்டோடு எங்கள் வயலின், வயோலா, செல்லோ குழுவும் சேர்ந்து ஏற்காட்டில் வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வருகிறோம். நம் சேலம் பக்கத்தில் இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் நீ அனுப்பிய ஸ்கோரை, அதாவது யார் எதை வாசிப்பது என்று சுரம் எழுதிய தாளை, பார்த்ததும் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இதே ஆசையோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

லீட் கிட்டார் வாசிக்கும் அதே சுரங்களையே வயலினுக்கும் எழுதியிருக்கிறாய். மேடையில் அது காதில் விழாது. டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டார், கீழ்ச் சுருதியிலிருந்து மேல்சுருதிவரை எல்லா இடத்தையும் தானே அடைத்துக்கொள்ளும். ஆளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. பத்து வயலின் ஒன்றாக வாசித்தாலும் ஒரு வயலினைவிடப் பத்து டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். மைக்கை ஏற்றினால் பக்கத்தில் இருக்கும் டிரம்ஸும் அதற்குள் புகுந்துவிடும். மெல்லிசைக் கச்சேரிகளில், நான் வாசிப்பது எனக்கே கேட்காமல் வில்லை இழுத்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. அந்தக் கொடுமை உன் மேடையில் வேண்டாம்.

1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்ததை முழுதாகக் கேள். எழுதியவர் அவர்களுடைய கீபோர்டு கலைஞர் ஜான் லார்டு. நடத்தியவர் மால்கம் அர்னால்டு. மூன்று பகுதிகள். முதல் பகுதியில் இரண்டு கூட்டத்தையும் லார்டு எதிரெதிராகத்தான் நிறுத்துகிறார். ஆர்கெஸ்ட்ரா நெடுநேரம் பேசிய பிறகே பேண்டு உள்ளே வருகிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, மூன்றாம் பகுதியில்தான் நிஜமாகக் கைகோக்கிறார்கள். யார் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார் பார், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். அந்த ஸ்கோர் பிறகு தொலைந்துபோனது. மார்கோ டி கூயி என்ற டச்சு இசையமைப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டே அதைத் திரும்ப எழுத, 1999-ல் அதே அரங்கில் மறுபடி வாசித்தார்கள். ஆர்கெஸ்ட்ரா வெறுமனே மேலே ஒட்டவைத்த அலங்காரமாக இருந்திருந்தால் அதற்கு யார் இவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்?

அதே 1999 ஏப்ரலில் மெட்டாலிகா என்ற ராக் குழு, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தது. இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் அதற்கு எழுதிய ஆர்கெஸ்ட்ரா பகுதிகளில் எனக்குப் பிடித்தவை, கிட்டாரைப் பின்தொடராமல் எதிர்ப்பாட்டாக, அதாவது தனக்கென வேறொரு மெட்டாக, ஓடும் இடங்கள். நமக்கும் இது அந்நியமில்லை. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஒரு வழியில் போக, வயலின்கள் இன்னொரு வழியில் போய், இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் நடப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்கள் கிட்டார்கள் அரைச் சுரம் இறக்கிக் கட்டியிருக்கின்றன. அதனால் இ மைனர் என்ற ஸ்கேலில் (சுர வரிசையில்) இருக்கும் பாட்டு, எங்களுக்கு அரைச் சுரம் கீழே இ பிளாட் மைனராக வந்து நிற்கிறது. இ மைனர் என்றால் வயலினின் நான்கு திறந்த தந்திகளும், அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் சுரங்கள், அந்த ஸ்கேலுக்குள்ளேயே வரும், ஒலி தானாக மலரும். இ பிளாட் மைனரில் ஒரு தந்தியும் உதவாது. பாடுகிறவர் குரல் தாங்குமானால் சாதாரண டியூனிங்குக்கே வந்துவிடுங்கள்.

டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வையுங்கள். எல்லாருக்கும் கிளிக், அதாவது காதுக்குள் தாளம் சொல்லும் டிக் டிக் சத்தம், கொடுக்க முடியாவிட்டாலும் டிரம்மருக்கும், கையசைத்து எங்களை நடத்தும் கண்டக்டருக்குமாவது வேண்டும். வில் வாத்தியக் கூட்டம் கண்டக்டர் கைக்குச் சற்றுப் பின்னால்தான் ஒலிக்கும், டிரம்மரோ அடி விழும் இடத்திலேயே இருப்பார். இந்தச் சின்ன இடைவெளி ஒத்திகையில்தான் பழகும். ஒரு ஒத்திகை போதாது.

இன்னொன்று, மலை. மே மாதச் சேலத்து வெயிலில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலப் பனிமூட்டத்தில் பெட்டியைத் திறந்தால் மர வாத்தியம் சுருதியில் நிற்காது. காலையிலேயே ஏறிவிட்டால் வாத்தியம் குளிருக்குப் பழகும். வண்டிக்கு அப்படியே சொல்லிவை.

இரண்டாவது பாட்டை மட்டும் முதலில் திருத்து. முதல் சரணத்தில் கிட்டார் முழுக்க நிற்கட்டும், செல்லோ தனியாகப் பாடட்டும், அப்புறம் டிரம்ஸ் வரட்டும். எழுதியதும் செல்லோ பகுதியை அனுப்பு, நாங்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அக்கா