வீதியில் நடப்பதற்கும் அட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் குடியிருப்பு உரிமைக்கான சான்றை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவோடு நிற்காமல் இப்போது நம் பகுதித் தேநீர்க் கடைகளிலும் கேட்கிறது. ஒரு நாடு தன் எல்லைக்குள் இருப்பவர் யார் என்று அறிந்துகொள்வதிலும், வந்தவரைப் பதிவு செய்வதிலும், அனுமதிக் காலம் முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முறைப்படி பதிவு செய்துகொண்ட ஒருவர், பால் வாங்கத் தெருமுனைக்குப் போன நேரத்தில் அட்டை சட்டைப் பையில் இல்லை என்பதற்காகவே குற்றவாளியாக்கப்படுவதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்கச் சட்டம் அதைத்தான் செய்கிறது. வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் சட்டம் அங்கே 1940-இல் வந்தது. 1952-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி 18 வயது நிறைந்த ஒவ்வொரு வெளிநாட்டவரும் தமக்கு வழங்கப்பட்ட பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதமோ 30 நாள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நெடுங்காலம் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்த இந்தப் பிரிவுக்கு அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் பிறப்பித்த ஆணை உயிர் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 11 முதல் புதிய பதிவு விதியும் நடைமுறைக்கு வந்தது.

பெரம்பூரிலும் கொளத்தூரிலும் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர் பலர் இதைக் கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களின் கவலை என்று எண்ணுகிறார்கள். மகளின் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் தங்கும் தாய்க்கும் இது பொருந்தும். அவருக்கான பதிவுச் சான்று ஐ-94 எனப்படும் வருகைப் பதிவு. விமானத்தில் வருவோருக்கு 2013 முதல் அது பெரும்பாலும் மின்னணு வடிவிலேயே இருப்பதால், அதை இணையத்தில் எடுத்து அச்சிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. கிரீன் கார்டு உள்ளவர் நிலை வேறு. அசலை நாள்தோறும் எடுத்துச் சென்றால் தொலைக்கும் அபாயமும் நாள்தோறும் உண்டு. மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க நானூறு டாலருக்கு மேல் செலவாகும், கைக்கு வரும்வரை காத்திருப்பது தனி.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, யாரை நிறுத்திக் கேட்பார்கள் என்பது. குடிமகனுக்கு அட்டை தேவையில்லை, குடியேறியவருக்குத் தேவை என்றால், ஒரே நடைபாதையில் நடக்கும் இருவரைக் காவலர் எதை வைத்துப் பிரிப்பார்? தோற்றம், பேச்சு, செய்யும் வேலை, நிற்கும் இடம் ஆகிய நான்கை மட்டுமே காரணமாகக் கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் எவரையும் தடுத்து நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் இட்ட உத்தரவை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் நிறுத்திவைத்தது. சட்டப்படி எந்த அட்டையும் சுமக்க வேண்டாத குடிமகனும், நம்மைப் போன்ற நிறமும் உச்சரிப்பும் உடையவராக இருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலை இது.

தமிழருக்கு இது புதிதன்று. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1907-இல் வந்த ஆசியர் பதிவுச் சட்டம், கைரேகை பதித்துப் பெற்ற சான்றைக் காவலர் கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டும் என்றது. அதை எதிர்த்துக் காந்தியின் தோழர் தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். சாமி நாகப்பன் என்ற இளைஞர் சிறைக் கொடுமையால் 1909 ஜூலையில் உயிரிழந்தார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா பள்ளிவாசல் வெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகள் எரிக்கப்பட்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளக் காந்தியும் அவர் தோழர்களும் சம்மதித்தவர்களே. பதிவு செய்வதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. கட்டாயப்படுத்தி இழிவுபடுத்துவதைத்தான் அவர்கள் பொறுக்கவில்லை.

எங்கள் வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே குடியுரிமை பெறாத இந்தியர்கள் வெளிநாட்டவர் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டியிருந்தது. 1964-இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது அந்தச் சான்று எவருடைய கடையையும் காப்பாற்றவில்லை. ஒழுங்காக அட்டை வைத்திருப்பவருக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் இந்தக் குடும்பங்களில் உள்ள முதியோரிடம் பேசிப் பார்க்கலாம்.

அட்டையே கூடாது என்று நான் வாதிடவில்லை. வடசென்னைக்காரர்களுக்கு அட்டை காட்டுவது பழகிப்போன ஒன்று. துறைமுக வாயிலில் நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டு, கடலோரக் காவல் படையினர் கேட்டால் காசிமேட்டு மீனவர் நடுக்கடலிலும் அதைக் காட்டுகிறார். துறைமுகத்துக்குள் நுழைபவரையும் எல்லையை ஒட்டிய கடலில் தொழில் செய்பவரையும் யாரென்று கேட்கக் காரணம் இருக்கிறது. அதே மீனவர் மாலையில் கல்மண்டபம் சந்தைக்கு வரும்போது எவரும் அட்டை கேட்பதில்லை. வேலையில் சேரும்போதும், வீடு வாடகைக்கு எடுக்கும்போதும், வங்கிக் கணக்கு தொடங்கும்போதும் குடியேறியவரிடம் சான்று கேட்கட்டும். தெருவில் நடப்பதற்குக் கேட்க வேண்டாம்.

ஜப்பானில் 16 வயது நிறைந்து நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு, அங்கே என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனின் அனுபவமும் இருக்கிறது. போர்க்கால அடையாள அட்டையைப் போர் முடிந்த பிறகும் போலீசார் வழக்கமாகக் கேட்டுவந்தபோது, அது சட்டத்தை மதிக்கும் மக்களையே சட்டத்தை மீறுகிறவர்களாக்கிவிடும் என்று தலைமை நீதிபதி கோடார்டு 1951-இல் கண்டித்தார். மறு ஆண்டே அந்த அட்டை கைவிடப்பட்டது.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. வங்கதேசத்தவரைப் பிடிக்க வேண்டும் என்ற பெயரில், மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியிடம் ஆதார் கேட்கிறார்கள். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்போ, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்திலும் அதன் இடத்தில் வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சந்தேகத்துக்கு ஆளானவர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. மணலியில் மூட்டை தூக்குபவரிடம் இதற்கு என்ன தாள் இருக்கும்? வேலைக்கு அமர்த்தியவரின் பதிவேட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரயில் நிலையத்தில் ஆளை மறிப்பது எதற்கு?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், விதி இருக்கும்வரை சான்றை எடுத்துச் செல்லட்டும். இரு பக்க நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்கட்டும். இந்தியாவில் டிஜிலாக்கர் என்ற அரசின் கைப்பேசிச் செயலியில் காட்டும் ஓட்டுநர் உரிமம் 2018 முதல் செல்லுபடியாகிறது. குடியிருப்பு உரிமைக்கும் கைப்பேசியில் காட்டுவதை ஏற்கலாம். அதுவும் இல்லாதவரிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டுப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். அசலைக் கொண்டுவந்து காட்ட ஒரு வாரம் தரலாம். பதிவேடு அரசின் கையில்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39