ஜூலையில் வந்து பார்த்துவிட்டு எழுதாதீர்கள்

தென்னாப்பிரிக்கத் தேசியப் பல்லுயிர் நிறுவனத்தில் சிவப்புப் பட்டியல் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியல்) வேலை பார்க்கும் அறிவியலாளர்களுக்கும், குவாசூலு-நட்டால் மாகாண வனவிலங்கு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் டொங்காட்டில் கரும்புக்கு நடுவே ஒரு குட்டை இருக்கிறது. தைப்பூசக் காவடி சமயத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஜூலையில் வெடித்த களிமண்தான். அங்கே வீடுகள் கட்டப் போகிறார்கள். அதற்காக ஆய்வு செய்ய வந்தவர்கள் ஒரு ஜூலைக் காலையில் சுற்றிப் பார்த்து, "நீர்வாழ் உயிர் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அதே களிமண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்து வந்து, வெள்ளை பேசினில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் தூசி போலச் சில புள்ளிகள் துடித்தன. இரண்டு வாரத்தில் விரல்கணு நீளத்துக்கு வளர்ந்தன. ஓடு கிடையாது, உடம்பு கண்ணாடி மாதிரி. மல்லாந்து நீந்தும்போது பதினொரு ஜோடிக் கால்களும் அலை அலையாய் அசைகின்றன. சின்ன வயதில் இதைக் காட்டியபோது பாட்டி "கூனி" என்றாள். இது தேவதை இறால் (fairy shrimp), மழைக்குட்டைகளில் வாழும் சின்ன உயிர்.

இது எந்த இனம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆணின் இரண்டாம் உணர்கொம்பை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். பெண்ணைப் பற்றிக்கொள்ளும் அந்தக் கொம்பின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். நம் நாட்டில் இவற்றில் பல இனங்கள் உண்டு. சில இனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டைகளில் மட்டுமே கிடைத்திருக்கின்றன. நம் மண்ணைக் காயவைத்துக் கப்பலில் அனுப்ப, நார்வேயில் ஜி. ஓ. சார்ஸ் என்ற விலங்கியலாளர் அதை நனைத்து, உள்ளிருந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, 1898இல் புதிய இனங்களை விவரித்தார். 1929இல் கே. எச். பார்னார்ட் என்ற விலங்கியலாளர் நம் நாட்டு இனங்களின் முழு வகைப்பாட்டையும் திருத்தி எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்பே காய்ந்த மண்ணை நனைத்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. இன்று ஏன் யாரும் செய்வதில்லை?

காய்ந்த மண்ணில் கிடக்கும் இவற்றின் முட்டைகள் வருஷக்கணக்கில் வறட்சி தாங்கும். எல்லாம் ஒரே மழையில் பொரிந்துவிடுவதுமில்லை. ஒரு பங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆனால் மேலே மண் கொட்டினாலோ, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தாலோ, அழகுக்கென்று நிரந்தரக் குளமாக்கி மீன் விட்டாலோ எதுவும் மிஞ்சாது.

மழைக்குப் பின் ஒரு முறையாவது பார்க்காமல், காய்ந்த மண்ணை நனைத்துப் பார்க்காமல், எந்தக் குட்டையையும் வெறும் நிலம் என்று ஏற்காதீர்கள். ஆண் மாதிரிகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் சேர்த்துப் பெயரை உறுதி செய்யுங்கள். அரிய இனம் என்று தெரிந்தால், 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 56ஆம் பிரிவின் கீழ் வரும், ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். பெயரே இல்லாததை அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

நவம்பரில் நல்ல மழை விழுந்து இரண்டு வாரம் கழித்து வாருங்கள். வலையும் பேசினும் என்னிடம் இருக்கின்றன. தோட்டத்து வாசல் சாவியை நான் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
டொங்காட்