வீடியோ கம்பெனியைப் பிடிக்கும் முன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் அதோடு வந்த மூன்று கொட்டேஷனும் கிடைத்தன. பட்டறை சொந்த இடத்துக்கு மாறிவிட்டது என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். முதல் வரியில் எழுத வேண்டிய செய்தியடி அது! ரொம்ப சந்தோஷம். மகளும் உன்னோடு வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதில் அதைவிடச் சந்தோஷம். என் பக்கம் பெரிய விசேஷமில்லை. எடிட்டிங் வேலையைக் குறைத்துக்கொண்டேன். கண்ணும் முதுகும் கூடிப் பேசி எடுத்த முடிவு. இப்போது பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். கை என்னைவிட வேகமாக ஓடுகிறது அவர்களுக்கு. எங்கே வெட்டாமல் விட வேண்டும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒப்பிடவே முடியவில்லை, ஏனென்றால் மூவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். 'எங்கள் ஒலித்தடுப்புக் கதவுக்கு நல்லதாக ஒரு புரமோ வீடியோ வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அப்படித்தான் வரும். முதல் ஆள் ட்ரோன், மாடல், ஸ்லோமோஷன் என்று ஒரு குட்டி சினிமாவுக்கு விலை போட்டிருக்கிறார். இரண்டாவது ஆள் ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதிவிட்டார். அதற்குள் எத்தனை நாள் ஷூட்டிங், எத்தனை பேர், எத்தனை திருத்தம் என்று எதுவும் இல்லை. மூன்றாவது ஆள் தோராயமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டு, பக்கம் முழுக்கக் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். அதைப் பார்த்து, 'விலை கேட்டால் வினாத்தாள் அனுப்புகிறார்கள்' என்று எரிச்சல்பட்டிருக்கிறாய். எனக்கு அந்த ஆள்மேல்தான் நம்பிக்கை வருகிறது.

ஆனாலும் இப்போதே முடிவு பண்ணாதே. முதலில் ஒரே ஒரு பக்கம் நீயே எழுது. இந்த வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்து முடித்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும், எங்கே ஓடப் போகிறது, எந்த விஷயம் விட்டுப்போகவே கூடாது, எப்போது கையில் வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்வாய். தொகையை மறைக்காதே. சொன்னால் அவ்வளவையும் கறந்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் இருட்டில் கல்லெறிவார்கள், இப்போது உனக்கு நடந்திருப்பது அதுதான். அந்தப் பக்கத்தை மூவருக்கும் அனுப்பி மறுபடி விலை கேள். அப்போதுதான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

உன் கதவை வாங்குகிறவர்கள் ஆர்க்கிடெக்டுகள், ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர்கள், மருத்துவமனை கட்டுகிறவர்கள். அவர்களுக்கு மாடல் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பது எதற்கு? அவர்கள் மனதில் இருப்பது ஒரே கேள்வி: நிஜமாகவே சத்தம் நிற்குமா? அதற்குப் பதில் சொல்கிற ஷாட் உன் பட்டறையிலேயே இருக்கிறது. கதவு மூடும்போது அடியில் ஒரு ரப்பர் பட்டை தானாக இறங்கித் தரையை அழுத்துமே, அதை எனக்குக் குனிந்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த விரற்கடை இடைவெளிதான் உன் தொழிலின் ரகசியமே. ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. இதை எத்தனை பேர் அறிவார்கள்? கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அந்தப் பட்டை இறங்குவதை நெருக்கத்தில் எடுத்தால், மேலே ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

2006-இல் அமெரிக்காவில் பிளெண்டர் செய்கிற பிளெண்ட்டெக் கம்பெனி இதைத்தான் செய்தது. முதலாளி டாம் டிக்சன் மெஷினின் பலத்தைச் சோதிக்க அதில் மரக்கட்டையைப் போட்டு அரைப்பது வழக்கம். அதைப் பார்த்த மார்க்கெட்டிங் ஆள், இதையே படம் பிடிப்போமே என்றார். கோலிக்குண்டு, கோல்ஃப் பந்து எல்லாம் வெள்ளைக் கோட்டு போட்ட முதலாளி கையாலேயே தூளானது. உலகமே பார்த்தது. விளம்பரத்துக்கென்று புதிதாக எதையும் யோசிக்கவில்லை, பட்டறையில் அன்றாடம் நடந்த சோதனையைத்தான் காட்டினார்கள்.

இனி உன் மகள் சொன்னது. போனிலேயே எடுத்துவிடலாம் என்கிறாள். பாதி சரி. பட்டறையில் வேலை நடப்பது, புதுக் கதவு லாரியில் ஏறுவது மாதிரி வாராவாரம் போடுகிற சின்னச் சின்ன வீடியோக்களுக்குப் போன் தாராளம். ஆனால் உன் கதவை மட்டும் போனில் சாதாரணமாக எடுத்தால் வம்பு. மைக் ஆட்டோவில் இருந்தால், சத்தம் குறைந்ததும் லெவலை, அதாவது பதிவாகிற ஒலியின் அளவை, தானாகவே தூக்கிவிடும். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது, நீ கதவை மூடுகிறாய், கேட்கிறவனுக்குச் சத்தம் ஒரு நொடி அமுங்கி மறுபடி ஏறும். கதவு வேலை செய்யவில்லை என்றே நினைப்பான். லெவலைக் கையால் ஒரே இடத்தில் நிறுத்தி, திறந்திருக்கும்போதும் மூடிய பிறகும் இடையில் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சவுண்ட் ஆள் வேண்டும். கொட்டேஷனில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது அந்த ஆள்தான். நீ ட்ரோனை வெட்டு, சவுண்ட் ஆளை விடாதே. எடிட்டிங்கில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளே வேண்டாம். அப்படிச் செய்தால் அது பொய்ச்சாட்சி.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. சமூக ஊடகத்தில் பலபேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வீடியோ பார்க்கிறார்கள். சத்தத்தைத் தடுக்கிற கதவை ஊமைப் படத்தில் எப்படிக் காட்டுவது? சவுண்ட் மீட்டரை ஃபிரேமுக்குள் வை. கதவு மூடுகிறது, எண் சரசரவென்று இறங்குகிறது. பக்கத்திலேயே, '10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதி' என்று ஒரு வரி. அந்த எண் நிஜ மீட்டரில் நிஜமாக இறங்கியதாக இருக்கட்டும், கிராபிக்ஸ் வேண்டாம். 'முழுக்க முழுக்கச் சத்தம் வராது' என்று ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுப்பார்கள். அடித்துவிடு. லேப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல். ஆர்க்கிடெக்ட் ஒருவன் பார்த்துச் சிரித்தால் போச்சு.

அப்புறம் கம்பெனிகளின் ஷோரீல். அதைப் பார்த்து மயங்காதே. ஒவ்வொரு வேலையிலும் நன்றாக வந்த இரண்டு நொடியை எடுத்துப் பாட்டோடு கோத்தால் எல்லாரும் மேதைதான். நானே எத்தனையோ கோத்துக் கொடுத்திருக்கிறேன். உன்னைப் போன்ற சின்னத் தொழிலுக்குச் செய்த ஒரு வீடியோவை முழுதாகக் காட்டச் சொல். அதில் ஐடியா யாருடையது, கேமரா யார், அந்த ஆட்கள்தான் உனக்கும் வருவார்களா என்று கேள். முடிந்தால் அந்த வாடிக்கையாளரிடமே பேசிவிடு. 'வீடியோ நன்றாக இருந்ததா' என்று கேட்காதே, 'சொன்ன தேதிக்கு வந்ததா, திருத்தம் கேட்டபோது முகம் மாறியதா' என்று கேள்.

ஒப்பந்தத்தில் சில விஷயம் எழுத்தில் இருக்கட்டும். உரிமை யாருக்கு என்பது முதல் விஷயம். காசு கொடுத்ததாலேயே எல்லாம் உன்னுடையது ஆகிவிடாது, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. எடுத்த மொத்த ஃபுட்டேஜும் உனக்கு வருமா, எத்தனை நாள் பத்திரமாக வைத்திருப்பார்கள், இசைக்கு லைசென்ஸ் யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு, இணையத்துக்கு மட்டுமா டிவிக்கும் சேர்த்தா என்றெல்லாம் தெளிவாகக் கேள். பிரபலமான சினிமாப் பாட்டைப் போடலாம் என்று யாராவது சொன்னால் உடனே மறு. யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து, வீடியோவை முடக்கலாம் அல்லது அதில் வரும் விளம்பரக் காசைப் பாட்டுக்கு உரிமையுள்ளவருக்குத் திருப்பிவிடலாம். வீடியோவில் முகம் தெரிகிற உன் ஆட்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. அதிலும் ஒருவர் நாளைக்கு வேலையை விட்டுப் போனாலும் வீடியோ ஓடும் என்பதைச் சொல்லியே வாங்கு.

யாரும் கேட்காத ஒன்றையும் கேள்: திரையில் எழுத்தே இல்லாத ஒரு சுத்தமான பிரதி. பேச்சும் இசையும் தனித்தனி டிராக்காக. பிற்பாடு வேறு மொழியில் போடவோ போன் நம்பரை மாற்றவோ அது இருந்தால் போதும், இல்லையென்றால் மறுபடி அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அளவும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். வெப்சைட்டுக்கு 16:9 அகலம், போன் திரைக்கு 9:16 உயரம். எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அகலமாக எடுத்ததில் கதவு ஒரு ஓரம், மீட்டர் மறு ஓரம் இருந்தால் எதை வெட்டுவது? எங்களைப் போன்றவர்களின் வயிற்றெரிச்சல் அது. யூடியூபில் தாண்டிப்போகக்கூடிய விளம்பரத்துக்கு 5 நொடிக்குள் கைவிரல் தயாராகிவிடும், அதனால் கதவு மூடுகிற ஷாட் முதலிலேயே வரட்டும். உங்கள் லோகோ சுழன்று சுழன்று வருவதெல்லாம் கடைசியில்.

நீ கேமரா முன்னால் பேச வேண்டும் என்று மூவருமே எழுதியிருக்கிறார்கள். பேசு. மனப்பாடம் செய்யாதே, எதிரே பார்த்துப் படிக்கிற திரையும் வேண்டாம், பழக்கமில்லாதவர்களுக்குக் கண் அலைவது தெரிந்துவிடும். யாராவது கேள்வி கேட்கட்டும், நீ பதில் சொல். ஒன்று மட்டும் கவனம்: கேள்வியையும் பதிலுக்குள் சேர்த்துச் சொல். 'எப்போது ஆரம்பித்தீர்கள்' என்றால் வருடத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'இந்தப் பட்டறையை ஆரம்பித்தது இந்த வருடம்' என்று முழுதாக. கேள்வி கேட்டவர் குரலை வெட்டிவிடுவோம், உன் வாக்கியம் தனியாக நிற்க வேண்டும்.

திருத்தம் சொல்வதில்தான் நல்ல கம்பெனிகளோடும் சண்டை வருகிறது. ரஃப் கட், அதாவது முதல் கட்ட எடிட், வரும்போதே நீ, மகள், மேஸ்திரி எல்லாரும் பார்த்து, ஒரே தாளில், எந்த நிமிடம் எந்த நொடி என்று குறித்து அனுப்புங்கள். ஆளுக்கொரு வாட்ஸ்அப் போட்டால் எடிட்டருக்குப் பைத்தியம் பிடிக்கும், அவள் மூன்று பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்து யாருக்கும் பிடிக்காத ஒன்றைக் கொடுப்பாள். எடிட் முடிவானது என்று நீ சொன்ன பிறகுதான் கலர், சவுண்ட் மிக்சிங் எல்லாம் நடக்கும். அதற்கப்புறம் ஒரு ஷாட்டை நீக்கு என்றால் அந்த வேலையெல்லாம் இரண்டாம் முறை, காசும் இரண்டாம் முறை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. நீ கேட்காத வீடியோதான் உனக்கு அதிகம் உழைக்கும். கதவை எப்படிப் பொருத்துவது என்று ஒரு வீடியோ. பொருத்துகிறவர்கள் தரை மட்டம் பார்க்காமல் மாட்டிவிட்டு, சத்தம் வருகிறது என்று உனக்குப் போன் செய்வதாக எத்தனை தடவை புலம்பியிருக்கிறாய்! ஷூட்டிங் நாளில் கேமராவும் லைட்டும் எப்படியும் அங்கேதான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேஸ்திரியை ஒரு கதவு மாட்டச் சொல்லி, ஆரம்பம் முதல் முடிவு வரை எடுத்துவிடச் சொல். தனியாக இன்னொரு நாள் வைப்பதைவிடச் செலவு ரொம்பக் குறையும். இதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவிடு.

எழுதி முடித்ததும் மூவருக்கும் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்புகிறேன். மகளையும் ஒரு நாள் பேசச் சொல். போனில் லெவலைக் கையால் நிறுத்துவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தருகிறேன், அவளுக்கு ஆர்வம் இருக்கிறது என்று தெரிகிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காதே.

அன்புடன்,
செல்வி