தைப் பயணத்தின் திசையை ஏன் மாற்றினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். தை, மாசி மாதங்களில் நாங்கள் நடத்திவரும் டெல்டா சைக்கிள் பயணம் இதுவரை தஞ்சாவூரில் தொடங்கிக் கோடியக்கரையில் முடிந்தது. வரும் தை முதல் அது கோடியக்கரையில் தொடங்கி, தஞ்சாவூரில் எங்கள் கடை வாசலில் முடியும். முன்பதிவு செய்துவிட்ட சிலர் தொலைபேசியில் அழைத்து, தண்ணீர் போகும் வழியிலேயே கடல்வரை போவதுதானே இந்தப் பயணத்தின் அழகு, அதைப் போய்த் தலைகீழாக்கிவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. இருந்தாலும் மாற்றியதற்குக் காரணங்கள் இருக்கின்றன; ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் காரணம் காற்று. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது; அங்கிருந்து 40 கிலோமீட்டர் கிழக்கே உள்ள கும்பகோணம் சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. இந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும், மிதிக்கிற காலுக்குத் தெரியாது. போன தையில் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, குழுவில் மூத்தவரான ஐயா ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "கடலுக்குப் போகிறோம் என்கிறீர்கள், இறக்கத்தையே காணோமே தம்பி?" என்று கேட்டார். அந்த நேரத்தில் நாங்கள் மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

மேடே இல்லாத நாட்டில் காற்றுதான் மேடு. மலைச் சாலையில் மூச்சு வாங்க ஏறினால், மறுபக்கம் மிதிக்காமலே இறங்கலாம். எதிர்காற்று அப்படி எதையும் திருப்பித் தருவதில்லை. வடகிழக்குப் பருவம் ஓய்ந்த பிறகும் தை மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்துமே வருகிறது. காலையில் அது மெல்லிதாக இருக்கும். பதினொரு மணிவாக்கில் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் வேதாரண்யம் பக்கத்து வெட்டவெளியில் அதைத் தடுக்க எதுவுமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதை நீங்கள் அறிவீர்கள். நிழலும் மறைப்பும் அங்கே இன்னும் பழையபடி ஆகவில்லை என்பதே எங்கள் கணிப்பு. அதாவது, மூன்று நாள் களைத்த கால்களை, பயணத்தின் மிகக் கடினமான தூரத்தில், உச்சிவெயிலில், எதிர்காற்றில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம். திட்டமிட்டவர்கள் என்ற முறையில் இது எங்கள் பிழைதான்.

இனி வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து மன்னார்குடி என்று வடமேற்காகப் போகும்போது காற்று வலத் தோளிலோ முதுகிலோ படும். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்கு மேற்கே திரும்பியபின் பெரும்பாலும் முதுகில்தான். காற்று யார் சொல்லும் கேட்பதில்லை, ஆகவே நான்கு நாளும் தள்ளிக்கொண்டே வரும் என்று உறுதி தர மாட்டோம். ஆனால் கடைசி நாள் பிற்பகலில் உங்கள் முகம் கடற்காற்றுக்கு எதிரே இருக்காது என்று மட்டும் சொல்ல முடியும்.

ஆற்றோடு கூடவே கடல்வரை போக வேண்டும் என்பவர்களுக்கு ஆடிப் பயணம் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், சில நாட்களில் கல்லணையும் திறக்கப்பட்டு, ஆடியில் வாய்க்கால்வரை தண்ணீர் ஓடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போகிறவர்களுக்கு அது அருமையான துணை. கல்லணைக்குக் கீழே அகன்று கிடக்கும் காவிரி, கிளை கிளையாகக் கொடுத்துக் கொடுத்து, கடைமடையில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிப்போவதை நான்கு நாளில் கண்ணால் பார்க்கலாம். வலசைப் பறவைகளை மட்டும் அப்போது எதிர்பார்க்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏன் நடத்துவதில்லை என்றும் கேட்கிறார்கள். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது பழைய பேச்சாக இருந்தாலும் டெல்டாவில் இன்றும் அதுதான் நாட்காட்டி. ஒரு நல்ல மழைக்குப் பிறகு கரைச்சாலைகளின் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொண்டு, நூறு அடிக்கு ஒருமுறை குச்சியால் நோண்டி எடுக்கவைக்கும். அந்த இரண்டு மாதம் வண்டிகளைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இரண்டாவது காரணம் பாலங்கள். வரைபடத்தைத் திருப்பி வைத்தால் பாலம் இடம் மாறுமா என்று நீங்கள் கேட்கலாம், மாறாது. ஆனால் எந்தப் பாலத்தை எந்த நேரத்தில் எட்டுகிறோம் என்பது மாறும். இந்த நாட்டில் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் விரிந்து போகின்றன. கரையோடு போகும்வரை எந்தச் சிக்கலும் இல்லை. குறுக்கே போக நினைக்கும்போதுதான் தெரியும். கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போவதற்குள் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற இடத்தில் நின்றால், ஒரு கரையைத் தவறாகப் பிடித்தவன் கதி என்ன என்பது விளங்கும்: போக வேண்டிய ஊர் எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் தெரியும், பாலம் மட்டும் தெரியாது.

போன தையில் எங்களுக்கு அதுதான் நடந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கரைச்சாலையில் கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போனோம். படத்தில் பாலம் இருந்தது, இடத்தில் இல்லை. புதிதாகக் கட்டுவதற்காகப் பழையதை இடித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் நடந்து கடக்க இரண்டு பலகை போட்டிருந்தார்கள், அதில் பதினான்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும் துணிவு எங்களுக்கு இல்லை. வந்த வழியே திரும்பி முந்தைய பாலத்தில் கடந்ததில் ஒன்பது கிலோமீட்டர் கூடிவிட்டது, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அந்தக் கரையை நாங்கள் கடைசியாகப் பார்த்தது ஐப்பசிக்கு முன்பு. அன்று உடன் வந்தவர்களிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். இனி ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முந்தைய வாரம் எங்கள் ஆள் ஒருவர் முழு வழியையும் சைக்கிளிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். மேலும், பாலம் தெரியாத கரைகளை வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடும்படி புதிய திட்டத்தில் வைத்திருக்கிறோம்.

அடுத்து, நெல். தையும் மாசியும் சம்பா அறுவடைக் காலம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அரசு சில ஆண்டுகளில் அதைத் தளர்த்துவதும் உண்டு. எப்படியானாலும் காயவைக்கக் களம் போதாத ஊர்களில் தார்ச்சாலைதான் களம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் பரப்பியிருக்கும். வண்டிகள் ஏறாதபடி ஓரத்தில் வரிசையாகக் கருங்கல்லும், நடுநடுவே ஒரு முள்கிளையும் வைத்திருப்பார்கள். ஓர் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் உழவு போல இழுத்து இழுத்து நடந்து, நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருப்பார். பார்க்க அழகு. ஆனால் உதிரி நெல்மேல் முன்பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்காது, சறுக்கும். சென்ற முறை நம் குழுவில் ஒருவர் அப்படி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அந்த அம்மாவோ சிதறிய நெல்லை விட்டுவிட்டு, முதலில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து நெல்லை அள்ளிக் குவித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஆகவே ஒரு விதி: நெல் பரப்பிய இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது. ஒரு நாளைக்கு 35 முதல் 40 கிலோமீட்டர்தானா, சமவெளிதானே என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

வழி இதுதான். முதல் நாள் விடியற்காலை தஞ்சாவூரிலிருந்து வேனில் புறப்பட்டு வேதாரண்யம் சேர்ந்து, அன்று கோடியக்கரையைச் சுற்றிப் பார்ப்பதோடு சரி. 1967 முதல் காப்பகமாக இருக்கும் அந்தக் காட்டில் வெளிமான்களும், சதுப்புநிலத்தில் வாய்ப்பிருந்தால் பூநாரைகளும் உண்டு. 2002 முதல் அது ராம்சார் நிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். உள்ளே செல்வதும் வெளியேறுவதும் வனத்துறை சொல்லும் நேரப்படிதான், அதில் நம் விருப்பம் எதுவுமில்லை. இரண்டாம் நாள் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைக் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருத்துறைப்பூண்டி. மூன்றாம் நாள் மன்னார்குடி. விரும்புகிறவர்கள் அதிகாலையில் வேனில் உதயமார்த்தாண்டபுரம் போய் நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துவிட்டு வரலாம். நான்காம் நாள் வடுவூர் ஏரிக் கரையில் காலை உணவு, மாலைக்குள் தஞ்சாவூர். மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28 என்பதால் மாசிப் பயணத்தில் ஆறுகள் வற்றத் தொடங்கியிருக்கும். ஏரியில் பொதுவாகத் தண்ணீர் இருக்கும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு 28 அன்று வேதாரண்யம் சேர்ந்த ராஜாஜியின் உப்பு யாத்திரை வழியில் சித்திரையில் பயணம் நடத்தச் சொல்லி ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். அவர்கள் அந்த வெயிலில் சுமார் 150 மைல் நடந்தார்கள். எங்களுக்கு அந்த வெயிலில் உங்களை அழைத்துச் செல்லத் தைரியம் இல்லை.

வண்டி பற்றிச் சுருக்கமாக: கடலோரக் கரைகளில் சீமைக்கருவேல முள் சாதாரணம். ஆதலால் எங்கள் வண்டிகளுக்கு 38 மில்லிமீட்டர் அகல டயர் போட்டு, உள்ளே முள்காப்புப் பட்டையும் வைத்திருக்கிறோம். சொந்த வண்டி கொண்டுவருபவர்கள் மெல்லிய ரேஸ் டயரோடு வர வேண்டாம். இரண்டு மாற்று டியூப் கட்டாயம் வேண்டும். வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் குடிநீரை வேனிலேயே கொண்டுவருவோம்.

திசை மாற்றம் ஒத்துவராதவர்கள் மார்கழி 15-க்குள் கடைக்குத் தெரிவித்தால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவோம், அல்லது ஆடிப் பயணத்துக்கு மாற்றிக்கொள்வோம். வருகிறவர்கள் புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை ஐந்து மணிக்குள் கடைக்கு வந்து, இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். வேன் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கடைக்காரர்கள்,
தஞ்சாவூர்