மழை கொட்டும், மேலே தண்ணீர் இருக்காது

அன்புள்ள கயல்,

செப்டம்பரில் தோழிகளோடு கிரீஸ் போய்ப் பிண்டஸ் மலையில் நடக்கப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம், கூடவே கொஞ்சம் பயமும்தான். துணிமணி, மருந்தெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். அந்த மலையில் தண்ணீர் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதை மட்டும் எழுதி அனுப்புகிறேன். இத்தனை வருஷம் புவியியல் நடத்தியவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பிண்டஸ் அல்பேனிய எல்லையிலிருந்து தெற்கே நீளும் தொடர். மிக உயர்ந்த சிகரம் ஸ்மோலிகாஸ், 2,637 மீட்டர். அயோனியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில்தான் மோதும். அதனால் மேற்கே யோவானினாவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கே லாரிசாவில் அதில் பாதிகூடக் கிடையாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே மழைமறைவுதான். ஆனால் அங்கே பெருமழை குளிர்காலத்தில். ஆவோஸ், அராக்தோஸ், அக்கெலோஸ், பினியோஸ் ஆறுகள் மெட்சோவோ ஊரை ஒட்டிய மலைகளில் பிறந்து ஆளுக்கொரு திசையில் போகின்றன. பினியோஸ் ஏஜியன் கடலுக்கு, ஆவோஸ் அல்பேனியா வழியாக ஏட்ரியாட்டிக்குக்கு.

இவ்வளவு மழை பெய்தும், பிண்டஸ் தொடரில் நீங்கள் ஏறப்போகும் டிம்ஃபி மலையின் மேல்பகுதியில் கோடை முடியும்போது குடிக்கத் தண்ணீர் கிடைப்பது அரிது. காரணம் பாறை. பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து, மலை முழுக்கச் சல்லடையாகிவிட்டது. பெய்கிற நீர் விரிசல் வழியாக உள்ளே போய்விடும். டிம்ஃபியின் அஸ்ட்ராகா பகுதியில் புரோவாட்டினா என்று ஒரு செங்குத்துக் குழி இருக்கிறது. ஆழம் ஏறக்குறைய 400 மீட்டர். பாதையை விட்டு விலகாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் அதே மலையில் 2,050 மீட்டர் உயரத்தில் டிராகோலிம்னி ஏரி எப்படி நிற்கிறது? அந்த இடத்தில் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் இல்லை. மணலும் களிமண்ணும் மாறிமாறிப் படிந்த ஃபிளிஷ் என்ற பாறை. அது நீரை உள்ளே விடாது. பனியுகத்தில் டிம்ஃபியில் பனியாறுகள் இருந்திருக்கின்றன, அதையும் நினைத்துக்கொண்டு பார். ஏரியில் ஆரஞ்சு வயிற்றோடு சின்னச் சின்ன நியூட்கள் நீந்தும், பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் உறவு. தொடாதே. குளிக்கவும் இறங்காதீர்கள், உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன் அந்த நீரில் கலந்தால் அவை வேறெங்கே போகும்?

மேலே உள்ளே போன நீர் கீழே விகோஸ் பள்ளத்தாக்கில் வெளியே வருகிறது. எனக்கு இந்தப் பயணத்திலேயே பொறாமை தரும் இடம் அதுதான். மொனோடெண்ட்ரி கிராமத்திலிருந்து இறங்கினால், இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே ஆற்றுப் படுகை. கோடையில் பெரும்பாலும் வெறும் கல். மணிக்கணக்கில் அப்படியே நடக்க வேண்டும். விகோஸ் கிராமத்துக்குக் கீழே வந்ததும் பாறையடியிலிருந்து வோய்டோமாடிஸ் ஆறு ஊற்றெடுத்துப் பெருகும். கண்ணாடி போன்ற நீர், கை வைத்தால் மரத்துப்போகும் குளிர். அதுவரைக்குமான தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள், பாதி வழியில் கிடைக்கும் என்று நம்பாதே. இந்தப் பகுதி 1973 முதல் தேசியப் பூங்கா. சகோரி என்று அழைக்கப்படும் இங்குள்ள கிராமங்கள் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தன.

மதியத்துக்கு மேல் இடி இடித்தால் மேட்டில் நிற்காமல் இறங்கிவிடுங்கள். இன்னொன்று, ஆட்டு மந்தைகளுக்குக் காவலாகப் பெரிய நாய்கள் இருக்கும். மந்தைக்குள் புகுந்து போகாமல் சுற்றிப் போங்கள். நாய் வந்தால் ஓடாமல் நின்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். எந்த நாள் எந்த வழி என்று முடிவானதும் எனக்கு அனுப்பு, வரைபடத்தில் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா